பித்தப்பையில் தெரிந்த வெளிச்சம்

ஒரு வெள்ளைச் சுண்டெலி மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் மல்லாக்கப் படுக்க வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே கும்மிருட்டு. நாம் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பெட்டியின் மேல்தட்டில் இருக்கும் கேமரா மட்டும் சில நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் கணினித் திரையில் எலியின் படம் வருகிறது. வயிற்றின் மேற்பகுதியில், விலா எலும்பு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி பளிச்சென்று தெரிகிறது.

எலியின் உடம்புக்குள் உயிரோடு இருக்கும் பாக்டீரியா விட்ட ஒளி அது. சதையையும் தோலையும் தாண்டி வெளியே வந்திருக்கிறது.

அந்தப் புள்ளி இருந்த இடம் பித்தப்பை. பாக்டீரியாவின் பெயர் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீனஸ். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஹார்டியும் கிறிஸ்டோபர் கான்டாக்கும் அவர்களுடைய குழுவினரும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2004-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. உயிருள்ள விலங்குக்குள் தொற்றை ஒளியால் பின்தொடரும் முறையைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த நிகழ்வைத்தான். இதைவிட அழகான படங்கள் உண்டு, இதைவிட நுணுக்கமான அளவீடுகளும் உண்டு. ஆனால் ‘எங்கே பார்க்க வேண்டும்’ என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத் தேடுவதால் நாம் எதைத் தவறவிடுகிறோம் என்பதை இந்த அளவுக்குத் தெளிவாகக் காட்டிய இன்னொரு நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

நாற்பது ஆண்டுப் பழக்கம்

லிஸ்டீரியா நமக்கு அதிகம் கேள்விப்படாத பெயராக இருக்கலாம். மண்ணில், அழுகும் இலைதழையில், கால்நடைத் தீவனத்தில் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியா இது. உணவு வழியாக மனிதருக்குள் வருகிறது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் பெரும்பாலான கிருமிகள் சும்மா கிடக்கும், இது அந்தக் குளிரிலும் மெதுவாகப் பெருகும். ஆரோக்கியமானவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்றால் கதை வேறு. கரு கலையும், மூளைக்காய்ச்சல் வரும், சிகிச்சை கொடுத்தும் ஐந்து பேரில் ஒருவரையாவது இழக்க நேரும். 2017, 2018 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் ‘பொலோனி’ என்ற பதப்படுத்திய இறைச்சி வழியாக இது பரவியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆய்வுக்கூடங்களில் மட்டும் லிஸ்டீரியா மிகப் பழைய விருந்தாளி. 1926-ல் கேம்பிரிட்ஜில், ஆய்வுக்கு வளர்த்த முயல்களைக் கொன்ற கிருமியாக இது முதலில் விவரிக்கப்பட்டது. 1962-ல் ஜார்ஜ் மெக்கனஸ் இதைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருளைவிட செல்களே நேரடியாகப் போராடி விரட்டும் தொற்றுகள் உண்டு என்று காட்டினார். அதிலிருந்து நோய் எதிர்ப்பியல் படிக்கிற எல்லோருக்கும் லிஸ்டீரியா ஒரு பாடமாகிவிட்டது. இந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து, தன்னைச் சிறைவைத்த பையை ஒரு நச்சால் கிழித்து வெளியே வந்து, செல்லின் சொந்தச் சரக்கான ஆக்டின் புரதத்தையே வாலாகக் கட்டிக்கொண்டு ராக்கெட் மாதிரி பக்கத்துச் செல்லுக்குப் பாயும். 1980-களின் இறுதியில் இது படமாகவே கிடைத்தது. ஆக, ‘லிஸ்டீரியா செல்லுக்குள் வாழும் கிருமி’ என்பது சந்தேகத்துக்கு இடமில்லாத வாசகமாக நின்றுவிட்டது.

ஆய்வு செய்யும் முறையும் அப்படியே நிலைத்தது. எலியின் வால் இரத்தக்குழாயில் பாக்டீரியாவை ஊசி போடுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து எலியைக் கொன்று, கல்லீரலையும் மண்ணீரலையும் எடுத்து அரைத்து, அந்தக் கரைசலை வளர்தட்டில் தடவி, மறுநாள் முளைக்கும் காலனிகளை எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடினால் கிருமி வென்றது, குறைந்தால் உடம்பு வென்றது. நம்பகமான முறைதான், இன்றும் கைவிடப்படாத முறை. ஆனால் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அரைக்க எடுத்த உறுப்பில் இருப்பதை மட்டுமே எண்ண முடியும்.

சுண்டெலியின் பித்தப்பை ஒரு பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். கல்லீரலின் மடிப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதைத் தனியே எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தோன்ற ஒரு காரணமும் இருக்கவில்லை. பித்தநீர் சோப்பு மாதிரி கொழுப்பைக் கரைக்கும் திரவம். பாக்டீரியாவின் செல்சவ்வு கொழுப்பை அடிப்படையாகக் கொண்டது. அப்படிப்பட்ட திரவம் நிறைந்த பைக்குள் ஒரு கிருமி போய்க் குடியிருக்கும் என்று எவரும் முதலில் நினைக்கமாட்டார்கள்.

ஒளி எங்கிருந்து வருகிறது

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1995-ல் கிறிஸ்டோபர் கான்டாக், பமீலா கான்டாக், டேவிட் பெனரன், டேவிட் ஸ்டீவன்சன் உள்ளிட்ட ஸ்டான்ஃபோர்டு குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. சால்மொனெல்லா பாக்டீரியாவுக்கு ஒளிவிடும் மரபணுக்களைக் கொடுத்து, அது தொற்றிய சுண்டெலிகளை வெட்டாமல் வெளியிலிருந்தே படம் பிடித்தார்கள். வீரியம் வெவ்வேறான மூன்று வகைச் சால்மொனெல்லாவைப் பயன்படுத்தியதில், தொற்று பரவும் எலி எது, அதே அளவில் தங்கிவிடும் எலி எது, தானாகவே அடங்கிவிடும் எலி எது என்று படத்திலேயே பிரித்துச் சொல்ல முடிந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து கொடுத்ததும் சில மணி நேரத்தில் ஒளி மங்குவதையும் காட்டினார்கள். பெனரனும் ஸ்டீவன்சனும் பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். குறைமாதக் குழந்தையை அதிகம் தொடவும் முடியாது, குத்தவும் முடியாது. வெளியிலிருந்தே ஒளியை வைத்து உள்ளே பார்க்க முடியுமா என்ற கேள்வியோடு வேலை செய்கிறவர்களுக்கு, உள்ளேயிருந்து வரும் ஒளியைப் பிடிப்பது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போலத்தான்.

ஒளிவிடும் மரபணுக்களை எங்கிருந்து எடுத்தார்கள்? கடலில் ஒளிரும் பாக்டீரியாக்கள் நிறைய உண்டு. ஆனால் அவை குளிர்ந்த நீருக்குப் பழகியவை. அவற்றின் ஒளி நொதி எலியின் உடல் சூடான 37 டிகிரி செல்சியஸில் நிலைத்து நிற்பதில்லை. அதனால் ஃபோட்டோராப்டஸ் லூமினெசன்ஸ் என்ற நிலத்துப் பாக்டீரியாவை நாடினார்கள். இது மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுக்களின் குடலில் வசிக்கிறது. நூற்புழு ஒரு பூச்சிப் புழுவுக்குள் நுழைந்து இந்தப் பாக்டீரியாவை உமிழும். பாக்டீரியா பூச்சியைக் கொன்றுவிடும். பிறகு இரண்டும் அந்தப் பிணத்தைச் சாப்பிட்டுப் பெருகும். செத்த பூச்சி இருட்டில் மங்கலாக ஒளிரும். இந்த நூற்புழுக் குடும்பத்தில் ‘ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா’ என்ற இனத்தை 1992-ல் கோயம்புத்தூர் மண்ணிலிருந்துதான் முதன்முதலில் விவரித்தார்கள். இன்று உழவர்கள் வெள்ளைப்புழுவைக் கட்டுப்படுத்த வயலில் இடுகிற நூற்புழு அதுதான். அதன் குடலிலும் ஒளிரும் ஃபோட்டோராப்டஸ் உண்டு. உழவர் கையிலிருக்கும் உயிர்ப் பூச்சிக்கொல்லிக்கும் ஸ்டான்ஃபோர்டின் கறுப்புப் பெட்டிக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

‘லக்ஸ்’ என்று அழைக்கப்படும் அந்த மரபணுத் தொகுதியில் ஐந்து மரபணுக்கள். இரண்டு சேர்ந்து லூசிஃபெரேஸ் என்ற நொதியை உண்டாக்கும். மற்ற மூன்றும் அந்த நொதிக்குத் தேவையான எரிபொருளைத் தயாரிக்கும். மின்மினிப் பூச்சியின் நொதியை வைத்துச் செய்கிற ஆய்வுகளில் எரிபொருளை விலங்குக்குத் தனியே ஊசி போட வேண்டும். இங்கே அந்த வேலை இல்லை. விளக்கும் எண்ணெயும் பாக்டீரியாவிடமே இருக்கின்றன. வெளியிலிருந்து வேண்டியது ஆக்ஸிஜன் மட்டும். செல்லின் வளர்சிதை மாற்றம் ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்த வினை நடக்கும். பாக்டீரியா செத்தால் விளக்கு அணைந்துவிடும். இதுதான் இந்த முறையின் உயிர்நாடி. நிறச்சாயம் பூசிப் பார்க்கும் பல முறைகளில் செத்த கிருமியும் உயிருள்ள கிருமியும் ஒரே மாதிரி தெரியும்.

சால்மொனெல்லாவுக்குச் சரிப்பட்ட மரபணுத் தொகுதி லிஸ்டீரியாவுக்கு அப்படியே பொருந்தாது. பாக்டீரியாக்களில் கிராம் நெகட்டிவ், கிராம் பாசிட்டிவ் என்று இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. முதல் பிரிவின் மரபணுவில் ‘இங்கிருந்து படி’ என்று சொல்லும் குறியீட்டை இரண்டாம் பிரிவு சரியாகப் புரிந்துகொள்ளாது. லிஸ்டீரியா இரண்டாம் பிரிவு. கெவின் ஃபிரான்சிஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2000-ல் ஐந்து மரபணுக்களின் வரிசையை மாற்றி, கிராம் பாசிட்டிவ் பாக்டீரியா படிக்கும் குறியீடுகளைச் சேர்த்து, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸை ஒளிர வைத்தார்கள். லிஸ்டீரியா ஆய்வுக்கு வழி திறந்தது அங்கேதான். ஃபிரான்சிஸ் 2004 கட்டுரையிலும் ஓர் ஆசிரியர்.

சதையைத் தாண்டும் சிவப்பு

சிறுவயதில் டார்ச் லைட்டை உள்ளங்கைக்குள் வைத்து மூடிப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். வெள்ளை வெளிச்சம் உள்ளே போகும், விரல்கள் செக்கச்சிவப்பாக ஒளிரும். இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. எலிக்குள் நடப்பதும் இதேதான். லக்ஸ் நொதி விடும் ஒளி நீலப்பச்சை, சுமார் 490 நானோமீட்டரில் உச்சம். அதில் பெரும்பகுதி வெளியே வருவதற்குள் செத்துவிடும். ஆனால் அந்த ஒளி ஒரே நிறத்தில் இருப்பதில்லை, சிவப்புப் பக்கம் ஒரு நீண்ட வால் இருக்கிறது. 600 நானோமீட்டருக்கு மேற்பட்ட அந்த வால்தான் தோல்வரை வந்து சேர்கிறது. ஒரு சென்டிமீட்டர் சதையைத் தாண்டினால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பது இந்தத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. சுண்டெலி சின்னதாக இருப்பது நம் அதிர்ஷ்டம். ஆட்டிலோ மனிதரிலோ இப்படி முழு உடம்பையும் பார்க்க முடியாது.

இவ்வளவு மங்கிய ஒளியைப் பிடிக்க வேண்டுமானால் கேமராவின் சொந்த இரைச்சல் அடங்கியாக வேண்டும். எல்லாச் சென்சாருக்கும் வெப்பத்தால் ஒரு பொய்க் குறிப்பு எழும். அதனால் சென்சாரை மைனஸ் 90 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள். எலிக்கோ கீழே வெதுவெதுப்பான மேடை. மயக்கத்தில் உடல்சூடு இறங்கிவிடக் கூடாது. முதலில் சாதாரண வெளிச்சத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், பிறகு இருட்டில் ஒளி எண்ணும் படம். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவார்கள். ஒளி அதிகமான இடத்துக்குச் சிவப்பு, குறைவான இடத்துக்கு நீலம் என்று கணினி வண்ணம் பூசும். இந்தப் படங்களை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் எலி சிவப்பாக எரிகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வண்ணம் வெறும் எண்ணிக்கையின் குறியீடு. கறுப்பு முடி ஒளியை விழுங்கும் என்பதால் வெள்ளை எலிகளைத் தேர்ந்தெடுப்பது அல்லது முடியை மழிப்பது வழக்கம்.

புள்ளியை நம்பலாமா

சரி, திரையில் பித்தப்பை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ‘லிஸ்டீரியா பித்தப்பையில் வாழ்கிறது’ என்று எழுதிவிட முடியுமா? முடியாது. சதைக்குள் வரும் ஒளி நேர்கோட்டில் வராது, மோதி மோதிச் சிதறும். பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டி விளக்கு பெரிய வட்டமாகத் தெரிகிற மாதிரி, உள்ளே சின்னதாக இருக்கும் மூலம் வெளியே அகன்று தெரியும். பித்தப்பைக்குச் சில மில்லிமீட்டர் தள்ளிக் கல்லீரலும், முன்சிறுகுடலும், இரைப்பையும் இருக்கின்றன. தட்டைப் படம் ஆழத்தையும் சொல்லாது.

அதனால் ஒளி காட்டிய இடத்துக்குப் பழைய முறைகளை அழைத்துக்கொண்டு போக வேண்டும். உடலைத் திறந்து உறுப்புகளைத் தனித்தனியே கேமராவின் கீழ் வைத்தால் எது ஒளிர்கிறது என்று தெரிந்துவிடும். அந்த உறுப்பை அரைத்து வளர்தட்டில் இட்டால் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிவிடலாம். மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் செல்லுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்த்துவிடலாம். கேமரா செய்தது இந்த வேலைகளை எந்த உறுப்பில் செய்ய வேண்டும் என்று விரல் நீட்டியதுதான். ஆனால் அந்த விரல் நீட்டல்தான் நாற்பது ஆண்டுகளாக இல்லாமல் போயிருந்தது.

கிடைத்த விடை இது. லிஸ்டீரியா பித்தப்பையில் வெறுமனே தங்கியிருக்கவில்லை, பெருகிக்கொண்டிருந்தது. அதுவும் செல்களுக்குள் புகாமல், பையின் உள்வெளியில், பித்தநீருக்கு நடுவில். ‘செல்லுக்குள் வாழும் கிருமி’ என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் பாக்டீரியா, செல்லுக்கு வெளியே செழிப்பாக வளர்ந்துகொண்டிருந்தது. பல நாட்கள் தொடர்ந்து அங்கிருந்து பலமான ஒளி வந்தது.

இதில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொன்று. நோயுற்ற எலிகளில் மட்டும் இந்த ஒளி வரவில்லை. நோய்க்குறி ஏதும் இல்லாத எலிகளிலும் வந்தது. பார்த்தால் நன்றாக இருக்கும் ஒரு விலங்கை, பழைய முறையில் வேலை செய்கிறவர் ‘தொற்றிலிருந்து மீண்டது’ என்ற பத்தியில் எழுதியிருப்பார். அதன் பித்தப்பைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கும்.

ஏன் அந்த இடம்? பித்தநீரைத் தாங்கும் கிருமிக்கு அது ஓர் அடைக்கலம் என்று நான் புரிந்துகொள்கிறேன். லிஸ்டீரியாவிடம் பித்த உப்பைச் சிதைக்கும் நொதி உண்டு என்பது இதற்கு முன்பே, 2002-ல் கண்டறியப்பட்டிருந்தது. கல்லீரலுக்குள் கிருமியைச் சுற்றி எதிர்ப்புச் செல்கள் முற்றுகையிடுகின்றன. பையின் உள்வெளிக்கு அந்தப் படை எளிதில் போய்ச் சேராது. திரவம் சத்துள்ளது, இடம் அடைப்பானது.

பித்தப்பையில் கிருமி தங்குவது மருத்துவத்துக்குப் புதிதும் அல்ல. டைஃபாய்டு வந்து குணமானவர்களில் ஒரு சிறு பங்கினர் பல ஆண்டுகள் கிருமியைப் பித்தப்பையில் சுமந்து, மலத்தின் வழியே வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். நியூயார்க்கில் சமையல்காரராக வேலை பார்த்த மேரி மாலன் அப்படிச் சுமந்தவர். 1907-ல் அவரைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று அதிகாரிகள் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. தனக்கு ஒரு நோயும் இல்லை என்று உறுதியாக நம்பியவரிடம் வயிற்றைக் கிழிக்க அனுமதி கேட்டால் வேறு என்ன சொல்வார்? 1910-ல் விட்டுவிட்டு, 1915-ல் மறுபடி பிடித்து, 1938-ல் இறக்கும்வரை அந்தப் பெண்ணைத் தீவில் வைத்திருந்தார்கள். நல்ல உடல்நிலையோடு நடமாடும் ஒருவருக்குள் கிருமி எரிந்துகொண்டிருப்பதை அவருக்கே காட்ட அன்று ஒரு வழியும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு எலிகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் நினைவு வந்துவிடுகிறது.

ஐந்து நிமிடத்தில்

கிருமி பித்தப்பையில் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உள்ளே போனது வெளியே வர வழியில்லை என்றால் அது பரவலுக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்தக் கேள்வியை ஹார்டியும் கான்டாக்கும் எடுத்துக்கொண்டு, தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே சோதித்தார்கள். 2006-ல் வந்த அவர்களுடைய அடுத்த ஆய்வு இதைப் பற்றியதுதான்.

நாம் சாப்பிட்டதும், உணவில் இருக்கும் கொழுப்பு சிறுகுடலைத் தொட்டவுடன், கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும். பித்தநீர் குடலுக்குள் பாயும். ஒரு கூட்டம் எலிகளுக்கு உணவு கொடுத்தார்கள், இன்னொரு கூட்டத்துக்கு அந்த ஹார்மோனையே செலுத்தினார்கள். அப்புறம் கேமராவின் கீழ் வைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒளி பித்தக்குழாயைத் தாண்டிக் குடலுக்குள் வந்துவிட்டது. குடலில் மலம் இல்லாதபோது அங்கிருந்து அது மிக வேகமாக நகர்ந்தது.

இந்தச் சோதனையைப் பழைய முறையில் செய்வதை யோசித்துப் பாருங்கள். பூஜ்ஜியம் நிமிடத்தில் சில எலிகளைக் கொல்ல வேண்டும், ஐந்தாம் நிமிடத்தில் சில, பத்தாம் நிமிடத்தில் சில. ஒவ்வோர் எலியின் பித்தப்பையிலும் ஆரம்பத்தில் எத்தனை கிருமி இருந்தது என்பது வேறுபடும், ஆகவே கூட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். ஒரு காலப்புள்ளிக்கு ஐந்து எலி, ஆறு காலப்புள்ளி என்று வைத்தாலே முப்பது. ஒளிமுறையில் அதே ஐந்து எலிகளை ஆறு தடவையும் பார்க்கலாம். ஒவ்வோர் எலியும் தனக்குத் தானே ஒப்பீடு. எண்ணிக்கை குறைகிறது என்பது ஒரு பக்கம். ஒரே உடம்பில் தொற்று போகும் பாதையைத் தொடர்ச்சியாகப் பார்க்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வெவ்வேறு எலிகளின் தனித்தனிப் படங்களை அடுக்கிக் கதை கட்டும்போது, கதையில் பாதி நம்முடையதாகிவிடுகிறது.

விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வில் ஒரு தடவை கூடுதலாகக் கொல்வதும் காரணம் சொல்ல வேண்டிய செயல் என்று நினைக்கிறவன் நான். அதனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒளிமுறை எலிகளைக் காப்பாற்றிவிடவில்லை. உறுதிப்படுத்தும் கட்டத்தில் அவை கொல்லப்படுகின்றன. தேவையான எலிகள் குறைகின்றன, அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதுமான காரணமாகப் படுகிறது.

ஒளி இல்லாத இடம்

இந்த முறையைப் பயன்படுத்தத் தொடங்குகிறவர்கள் அதிகம் வழுக்கி விழுவது ஓர் இடத்தில்தான். ஒளி தெரிந்தால் கிருமி இருக்கிறது. ஒளி தெரியவில்லை என்றால் கிருமி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஆக்ஸிஜன் இல்லாமல் இந்த விளக்கு எரியாது. பெருங்குடலின் நடுவே ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட இல்லை. அங்கே கோடிக்கணக்கில் கிருமி இருந்தும் படம் இருட்டாக வரலாம். பட்டினியாகக் கிடக்கும் கிருமி உயிரோடு இருக்கும், ஆனால் மங்கிவிடும். ஆழத்தில் இருப்பதும் இரத்தம் நிறைந்த உறுப்புக்குள் இருப்பதும் மங்கும். ஒளிவிடும் மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருந்தால், பாக்டீரியா பெருகும்போது சில பிள்ளைகள் அதைத் தொலைத்துவிடும். உயிருள்ள கிருமி இருட்டாகிவிடும். இதனால்தான் பிற்பாடு மரபணுக்களை பாக்டீரியாவின் குரோமோசோமிலேயே பதித்தார்கள். விளக்கெரிக்கவும் சக்தி வேண்டும் என்பதால், ஒளிரும் வகையின் வீரியம் அசலைவிடக் குறையவில்லையா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பித்தப்பைப் புள்ளியையும் இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அது அவ்வளவு பளிச்சென்று தெரிந்ததற்குக் காரணம் கிருமி அங்கே அதிகம் என்பது மட்டும்தானா? ஒரே இடத்தில் குவிந்து, செல்லுக்கு வெளியே, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்துகொண்டிருக்கும் கூட்டம் பளிச்சென்றுதான் தெரியும். கல்லீரலில் அதே எண்ணிக்கை சிதறிக் கிடந்தால், சுற்றிலும் இரத்தம் இருக்கும்போது, மங்கலாகத் தெரியும். ஆகவே ‘பித்தப்பையில் கல்லீரலைவிட இத்தனை மடங்கு’ என்று படத்தை வைத்து மட்டும் சொல்வது தவறு. எண்ணுவதற்கு வளர்தட்டுதான்.

இன்னொரு எச்சரிக்கை எலியைப் பற்றியது. லிஸ்டீரியா மனிதக் குடலுக்குள் நுழைய இன்டர்னலின் என்ற புரதத்தைச் சாவியாகப் பயன்படுத்துகிறது. அந்தச் சாவிக்கான பூட்டு, அதாவது நம் குடல் செல்களின் ஈ-கேடரின் புரதம், சுண்டெலியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் சரியாகத் திறப்பதில்லை. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மார்க் லெக்விட், பாஸ்கல் கோசார் குழு 1999-ல் காட்டியது இது. வாய்வழி போகும் உண்மையான தொற்றைச் சுண்டெலியில் அப்படியே கொண்டுவர முடியாமல் போனதற்கு இது பெரிய காரணம். 2004 கட்டுரையின் ஆசிரியர்களும் மனிதப் பித்தப்பையில் லிஸ்டீரியா சுமக்கப்படலாம் என்று சாத்தியமாகத்தான் எழுதினார்கள். மனிதர்களில் லிஸ்டீரியாவால் பித்தப்பை அழற்சி வந்ததாக மருத்துவ இதழ்களில் அரிதாக அறிக்கைகள் உண்டு. ஆரோக்கியமானவர்களின் மலத்தில் லிஸ்டீரியா அவ்வப்போது கிடைப்பதும் தெரிந்ததே. இரண்டையும் இணைக்கும் கோடு சுண்டெலியில் வரையப்பட்டது.

அதே கறுப்புப் பெட்டி 2009-ல் இன்னோர் எதிர்பாராத இடத்தைக் காட்டியது. ஹார்டியும் கான்டாக்கும் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஒளி வருவதைப் பார்த்தார்கள். அங்கேயும் லிஸ்டீரியா சிறு சிறு திட்டுகளாகத் தங்கியிருந்தது. கல்லீரல், மண்ணீரல் என்று மட்டும் எடுத்து அரைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு எலும்பும் பட்டியலில் சேர்ந்தது.

பித்தப்பை விஷயத்துக்கு வேறொரு திசையிலிருந்து ஒரு சாட்சி வந்தது. அதில் ஒளியே இல்லை. 2017-ல் மேத்யூ வால்டரின் குழு லிஸ்டீரியாக்களுக்கு மரபணுவில் தனித்தனி அடையாளக் குறிகளைப் பொறித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டோக்கன் எண் கொடுத்த மாதிரி. சுண்டெலியின் பூட்டுக்குப் பொருந்துமாறு இன்டர்னலின் சாவியையும் திருத்தியிருந்தார்கள். பிறகு ஒவ்வோர் உறுப்பிலும் எந்தெந்த டோக்கன்கள் இருக்கின்றன என்று வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். மலத்தில் வந்துகொண்டிருந்த லிஸ்டீரியாக்களின் டோக்கன்களைப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பகுதி பித்தப்பையில் குடியேறியிருந்த மிகச் சில பாக்டீரியாக்களின் வாரிசுகளாக இருந்தன.